ஓடாத வண்டியின் விலை

பழவங்காடியில் குடியேறியதிலிருந்து இப்பகுதி முதியவர்களின் பேச்சில் நான் அடிக்கடி கேட்ட பெயர்களுள் ஒன்று ஒரு காருடையது. நாள் தவறாமல் பத்மநாபசுவாமி கோயிலுக்கு வந்து தொழுத உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா (1922–2013) பேணிய மெர்சிடிஸ் பென்ஸ் 180 டி, பதிவெண் சி.ஏ.என். 42. 1950களில் ஏறத்தாழ 12,000 ரூபாய்க்கு வாங்கப்பட்டதென்றும், பல லட்சம் மைல்கள் ஓடியதென்றும், அதற்கு ஈடாக இரண்டு புதிய கார்களைத் தர முன்வந்தபோதும் அவர் கொடுக்க மறுத்துவிட்டாரென்றும் நாளிதழ்கள் எழுதியிருக்கின்றன.

அதே நிறுவனம் 1955-இல் உருவாக்கிய இன்னொரு கார் 300 எஸ்.எல்.ஆர். ஊலன்ஹவுட் கூப்பே. மொத்தம் இரண்டே செய்யப்பட்டன. அவ்வாண்டு லெ மான் பந்தயத்தில் எண்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த விபத்துக்குப் பின் நிறுவனம் பந்தயங்களிலிருந்து விலகியது. எனவே இக்கார் எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை. 2022 மே 5 அன்று ஸ்டுட்கார்ட்டில் நடந்த ஏலத்தில் அவ்விரண்டில் ஒன்று 13.5 கோடி யூரோவுக்கு விற்கப்பட்டது. நம் கணக்கில் ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல்.

இவ்விரு கார்களையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தூண்டியது ‘கிராண்ட் டூரிங்’ என்னும் சொல். இத்தாலியில் ‘கிரான் டூரிஸ்மோ’. நெடுந்தொலைவை விரைவாகவும் களைப்பின்றியும் கடக்கவென்று செய்யப்பட்ட கார்களுக்கு அப்பெயர். ஃபெராரி 250 ஜி.டி.ஓ.வின் முதல் இரண்டு எழுத்துகளும் அதையே குறிக்கின்றன. 1962 முதல் 1964 வரை அவ்வகையில் 36 கார்களே செய்யப்பட்டன. அமெரிக்காவில் அன்றைய விலை சுமார் 18,000 டாலர். அவற்றுள் ஒன்று 2018-இல் 4.84 கோடி டாலருக்கும், மற்றொன்று 2023-இல் 5.17 கோடி டாலருக்கும் ஏலம் போயின. நெடும்பயணத்தைப் பெயரிலேயே கொண்ட இக்கார்களுள் பல இன்று வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்தப்பட்ட கூடங்களில் நிற்கின்றன. ஓடிய தொலைவு குறைந்தால் விலை கூடுகிறது.

விலை ஏன் ஏறுகிறது என்பதற்குப் பொருளியலில் விடை உண்டு. எண்ணிக்கை இனிக் கூடாது. வாங்கக்கூடிய செல்வர்களோ பெருகுகிறார்கள். ஃபிரெட் ஹிர்ஷ் 1976-இல் விளக்கியதுபோல, சில பொருள்களின் மதிப்பு அவை பிறருக்குக் கிடைக்காமையிலேயே இருக்கிறது. 2008 நெருக்கடிக்குப் பின் வட்டி விகிதங்கள் தாழ்ந்தபோது, ஓவியமும் மதுவும் கடிகாரமும் போலக் காரும் முதலீடாயிற்று. இந்த ஏற்றம் எப்போதும் நிலைத்ததுமில்லை. 1988-இல் என்சோ ஃபெராரி மறைந்தபின் வெறிகொண்டு ஏறிய விலைகள் 1990களின் தொடக்கத்தில் சரிந்து விழுந்தன.

என்னை உறுத்துவது வேறு. பழுதுபார்ப்புத் தொழிலை ஆராயும் எனக்கு, விலையேற்றத்தின் உள்ளே மறைந்திருக்கும் ஓர் அளவுகோல்தான் முதன்மையாகப் படுகிறது. அதன் பெயர் ‘மூலத்தன்மை’.

என் தந்தை நாகர்கோவிலில் மோட்டார் பட்டறை நடத்தியவர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் ஃபியட் 1100 காரை இருபத்தெட்டு ஆண்டுகள் அவரே பார்த்துக்கொண்டார். உதிரிபாகம் கிடைக்காத காலங்களில் கடைசல் எந்திரத்தில் தாமே செய்து பொருத்தினார்; கதவின் அடித்தகடு துருப்பிடித்தபோது வெட்டி எடுத்துப் புதுத்தகடு பற்றவைத்தார். உரிமையாளர் மறைந்தபின் பழங்கார் சேகரிப்பவர் ஒருவர் அதை வாங்க வந்தார். அவர் கொண்டுவந்த மதிப்பீட்டுத் தாளில், அப்பா செய்த ஒவ்வொரு வேலையும் ‘மூல பாகம் அன்று’ என்ற தலைப்பின்கீழ் விலைக்குறைப்பாக இடம்பெற்றிருந்தது. அந்தக் காரை இருபத்தெட்டு ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்த உழைப்பு முழுவதும் அத்தாளில் குறைகளின் பட்டியலாக நின்றது. அப்பா தாளைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “வாங்குறவரு ஓட்டுவாராமா மக்கா?”

ஒரு பொருளின் வாழ்க்கை வரலாற்றை மனிதரின் வாழ்க்கை வரலாற்றைப் போலவே எழுதலாம் என்றார் மானிடவியலாளர் இகோர் கோபிடாஃப் (1986). சந்தைக்குள் வருவதும் சந்தையிலிருந்து விலக்கப்பட்டு விற்கவியலாத ஒன்றாவதும் அவ்வாழ்க்கையின் கட்டங்கள். புதுக்கார்களுக்கு ஈடாகவும் கொடுக்கப்படாத சி.ஏ.என். 42 இரண்டாவது நிலைக்குச் சென்ற பொருள். அதன் பெருமை அது ஓடிய மைல்களில் இருக்கிறது. பல லட்சம் மைல்கள் ஓடிய வண்டியில் மாற்றப்படாத பாகம் எத்தனை இருக்கும்? எத்தனை கைகள் அதைத் தொட்டிருக்கும்? மூலத்தன்மை என்னும் அளவுகோல் அந்தக் கைகளைக் காண்பதில்லை.

நம் சட்டமும் இதே திசையில் செல்கிறது. 2021-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், ஐம்பது ஆண்டு கடந்து பெரிய மாற்றமின்றி மூலவடிவில் இருக்கும் வாகனங்களுக்குத் தனிப்பதிவு அளிக்கின்றன. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அப்பதிவு பெற்ற வண்டியைக் கண்காட்சி, பேரணி, ஆய்வு, எரிபொருள் நிரப்பல், பராமரிப்பு போன்றவற்றுக்காக மட்டுமே சாலையில் எடுக்கலாம்; அன்றாடப் போக்குவரத்துக்கு அன்று. பாதுகாப்பு நோக்கில் இது புரிந்துகொள்ளத் தக்கதே. ஆயினும் ஓட்டம் நின்ற வண்டிக்கு அன்றாட மெக்கானிக் தேவையில்லை. இறுதியில் வண்டி எஞ்சும். அதைப் பேசவைக்கத் தெரிந்தவர் எஞ்சமாட்டார்.

ஸ்டுட்கார்ட் ஏலத்தொகை, சுற்றுச்சூழல் ஆய்வு பயிலும் இளைஞர்களுக்கான உதவித்தொகை நிதியாக ஒதுக்கப்பட்டது. நல்ல செயல்தான். ஒரு காரின் விலையிலிருந்து அறிவுக்குப் பணம் வரக்கூடுமென்றால், காரைக் காத்த அறிவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று வாதிட இடமிருக்கிறது.

அப்பாவின் பட்டறைப் பற்றுவரவு ஏடுகள் பதினொன்று என்னிடம் உள்ளன. எந்த வண்டிக்கு எந்த நாளில் எந்தப் பாகம், யார் செய்தது, என்ன கூலி என்பவை அவற்றில் வரிசையாக இருக்கின்றன. இவ்வகை ஏடுகள் சாலையிலும் கரமனையிலும் நாகர்கோவிலிலும் மூடப்பட்ட பட்டறைகளில் இன்னும் கிடக்கக்கூடும். பழைய தாள் எடைக்குப் போகுமுன் நண்பர்கள் எவரேனும் காண நேர்ந்தால் எனக்குத் தெரிவியுங்கள். படியெடுத்துவிட்டு உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.