அட்டையில் ஓடிய மஸ்டாங்

ஆட்டோமொபைல் செமினாருக்கு எல்லோரும் மாருதியை எடுத்தபோது நான் எடுத்தது 1965 ஷெல்பி ஜி.டி.350. "டேய், அந்த வண்டிய நேர்ல பாத்திருக்கியா?" என்று ஹாஸ்டல் ரூமே சிரித்தது. பார்த்ததில்லைதான்!

ஃபோர்டு மஸ்டாங்கின் முன்பக்கத்தில் கரோல் ஷெல்பியின் ஆட்கள் செய்த வேலை சின்னதுதான். மேல் கன்ட்ரோல் ஆர்ம் பொருத்தும் துளைகளை ஓர் அங்குலம் கீழே இறக்கினார்கள். அதனால் என்ன ஆகும்? புத்தகத்தில் படித்து எனக்கு மண்டையில் ஏறவில்லை. காலண்டர் அட்டையை வெட்டி, டிராயிங் பின் குத்தி, இரண்டு துளையிலும் மாற்றி மாற்றிச் சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தேன். கீழ்த் துளையில் குத்தியபோது, தூக்கத் தூக்கச் சக்கரத்தின் தலை கூடுதலாக உள்பக்கம் சாய்ந்தது. வளைவில் பாடி வெளியே சாயும்போது வெளிச் சக்கரம் ரோட்டில் நன்றாகப் படிவது இதனால்தான். அன்று ராத்திரி தூக்கமே வரலே!

பிட்மன் ஆர்மையும் ஐட்லர் ஆர்மையும் நீளமாக்கி ஸ்டியரிங்கையும் சுறுசுறுப்பாக்கினார்கள். லீவில் வீட்டுக்குப் போனபோது இதைச் சொன்னேன். வேன் மெக்கானிக்கான அப்பா, "ஏண்டா, ஆர்ம் நீளமானா ஸ்டியரிங் கனக்காதா?" என்றார். எட்டாவது படித்தவர்... "உங்களுக்குப் புரியாதுப்பா" என்று சொல்லிவிட்டேன்.

செமினாரில் எச்.ஓ.டி. கேட்ட முதல் கேள்வி அதுவேதான். முழித்தேன். குறைவான திருப்பலில் சக்கரம் அதிகம் திரும்பினால் கைக்குப் பாரமும் கூடத்தானே செய்யும்! கேம்பர் அட்டைதான் மார்க்கைக் காப்பாற்றியது.

அடுத்த வாரம் ஊருக்குப் போய் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே, "அந்த அட்டையக் கொண்டா, பாக்கலாம்" என்றார்.