மறதியுள்ள வாத்தியம்

வாத்தியங்களுக்கு நினைவு உண்டு என்பது இசைக்கலைஞர்களிடையே பழைய நம்பிக்கை. நெடுங்காலம் வாசிக்கப்பட்ட வீணையின் மரம் கனிந்துவிடும் என்பார்கள். நாங்கள் நேசிக்கும் வாத்தியமோ மறதியே உருவானது. நேற்று அதில் எழுந்த ஒலியை இன்று கேட்டால் தராது. மாடுலர் சிந்தசைசர் என்று அதற்குப் பெயர்.

1964இல் அமெரிக்காவில் ராபர்ட் மோக், ஹெர்பர்ட் டாய்ச் என்னும் இசையமைப்பாளரின் துணையுடன் இக்கருவியின் ஒரு வடிவத்தை உருவாக்கினார். ஏறத்தாழ அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் டான் பூக்லா வேறொரு வழியில் அங்கே வந்து சேர்ந்தார். ஒலியைப் பிறப்பிக்கும் அலையியற்றி, அதன் கூர்மையைக் குறைக்கும் வடிகட்டி, ஒலி எழுந்து அடங்கும் விதத்தை வகுக்கும் பகுதி என எல்லாமே இதில் தனித்தனி உறுப்புகள். கம்பிகளால் இணைக்கும்வரை அவை ஒன்றோடொன்று பேசுவதில்லை. எந்தக் கம்பி எங்கே செருகப்பட்டிருக்கிறது, எந்தக் குமிழ் எவ்வளவு திருகப்பட்டிருக்கிறது என்பதே அன்றைய ஒலி. கம்பிகளைப் பிடுங்கினால் எல்லாம் போயிற்று.

1978இல் வெளிவந்த பிராஃபெட்-5 என்னும் சிந்தசைசர் 40 ஒலிகளைத் தன் நினைவில் வைத்துக்கொண்டது. பொத்தானை அழுத்தினால் போதும், ஒலி வந்து நிற்கும். இனி யார் கம்பிகளோடு மல்லுக்கட்டுவார்கள் என்றே தோன்றியிருக்கும். ஆனால் 1990களின் நடுவில் ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் கைக்கடக்கமான உறுப்புகளாக இதை மீண்டும் கொண்டுவந்தபோது, உலகெங்கும் மனிதர்கள் விரும்பியே அந்த மறதிக்குத் திரும்பினார்கள்.

அப்படித் திரும்பியவர்களில் சென்னைவாசிகளான நாங்கள் நால்வரும் அடக்கம். இருவர் கதை எழுதுகிறவர்கள். ஒருவர் மிருதங்கம் கற்று இடையில் விட்டவர். மூத்தவர் ஓய்வுபெற்ற மின்பொறியாளர்; எங்களுக்கு அவர் 'சார்'. ரிச்சி தெருவில் உதிரிபாகங்கள் பொறுக்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சால்டர் செய்வார். நால்வருக்கும் சேர்த்து ஒரே பெட்டி. ஞாயிறுதோறும் அவர் வீட்டு மாடியறையில் கூடுவோம்.

மின்னழுத்தம் ஒரு வோல்ட் உயர்ந்தால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும் என்பது இக்கருவியின் கணக்கு. பன்னிரண்டு சுரத்தானங்களும் அந்த ஒரு வோல்ட்டுக்குள் அடங்கவேண்டும். உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர்களோ வெப்பத்துக்கேற்பக் குணம் மாறுபவை. அதை ஈடுசெய்யும் பாகங்கள் இருந்தும் மே மாதப் பிற்பகலில் சேர்த்த சுருதி விளக்கு வைக்கும் நேரத்தில் நழுவியிருக்கும். நாங்கள் அலுத்துக்கொண்டால் சார் சிரிப்பார். "தம்பூராவை மட்டும் ஒருதடவை சேர்த்துட்டு வருஷம் பூரா வாசிக்கிறாங்களா?" என்பார்.

அவர்தான் அகமதாபாத்தைப் பற்றி எங்களுக்குச் சொன்னவர். 1969இல் டேவிட் டியூடர் என்னும் அமெரிக்கக் கலைஞர் அங்குள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மோக் மாடுலரை நிறுவினார். அதன் பின்புலத்தில் கீதா சாராபாய் இருந்தார். 1940களிலேயே நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு இந்திய இசையைக் கற்பித்து, அவரிடம் மேலை இசையைக் கற்றவர். அந்த நிலையத்தில் சில ஆண்டுகள் கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் ஒலிகளை ஆராய்ந்தார்கள். பிறகு அது ஓய்ந்தது. பால் பர்கஸ் என்னும் பிரிட்டிஷ் கலைஞர் நிறுவனத்தின் ஆவணங்களுக்கிடையே அந்த ஒலிநாடாக்களைக் கண்டெடுத்தார். 2023இல் அவற்றின் தொகுப்பு ஒன்று வெளியானது.

தொகுப்பு வந்த வாரம் நால்வரும் ஒன்றாக அமர்ந்து கேட்டோம். மாத்தூரின் ஒரு பதிவுக்கு, 'முன்பொருமுறை தம்பூரா வாசித்தேன்' என்று பொருள்படும் தலைப்பு. அதைக் கேட்டபின் சார் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நாடா இருக்கு. ஆனா எந்தக் கம்பி எங்கே போச்சுன்னு இனி யாருக்குத் தெரியும்?" என்றார்.

சென்ற ஆண்டு சார் இறந்தார். மாடியறையில் பெட்டி அப்படியே இருந்தது. கடைசியாக அவர் இணைத்த பதினேழு கம்பிகளும் செருகியபடியே இருந்தன. அவற்றைத் தொடக்கூடாது என்பதில் நாங்கள் மூவரும் உறுதியாக இருந்தோம். கோயில் விளக்கைப்போல அதைக் காத்தோம் என்றுகூடச் சொல்லலாம்.

சில மாதங்கள் கழித்து அவர் மகள் கேட்டாள்: "அப்பா கடைசியா வாசிச்சதை ஒருதடவை கேக்கலாமா மாமா?" அவள் கைபேசியில் அந்த ஒலியின் சிறு பதிவு ஒன்று இருந்தது. மின்சாரத்தைத் திறந்தோம். ஒலி வந்தது. கம்பிகள் அவைதான், குமிழ்கள் அவைதான், ஒலி மட்டும் அதுவல்ல. இரண்டு அலையியற்றிகள் தம்முள் விலகிப்போய் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்தன. அவர் வாசித்தது கார்த்திகை மழையில். நாங்கள் கேட்டது சித்திரை வெயிலில்.

எங்களில் ஒருவர் கைபேசிப் பதிவை வைத்துச் சுருதியைச் சரிசெய்யலாம் என்றார். மற்றவர் வேண்டாமென்றார், திருகினால் அது நம் சுருதி, அவருடையதல்ல என்றார். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தப் பெண் இருவரையும் கேட்டுக்கொண்டே ஒரு குமிழில் விரல் வைத்தாள். "இதைத் திருப்பினா என்ன ஆகும்?" என்றாள். எங்களால் தடுக்க முடியவில்லை. உரசல் மெல்ல நீண்டு அலையாயிற்று. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தோம்.

பழைய சிந்தசைசர்களைத் தேடி வாங்கி, திறக்காமலே பாதுகாப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நாங்கள் குறைகூற மாட்டோம். பாதுகாப்பவர் இல்லாவிட்டால் அகமதாபாத்தின் நாடாக்களும் நமக்குக் கிடைத்திரா. ஆனால் அந்நாடாக்களில் இத்தனை பேருடைய இசை இருப்பதற்குக் காரணம், ஒருவர் செருகிய கம்பியை இன்னொருவர் பிடுங்கியதுதான். ஒரே கருவியைப் பலர் பகிர்ந்துகொண்ட இடத்தில் வேறெப்படி நடந்திருக்க முடியும்? நாடாவின் வேலை காப்பது, கருவியின் வேலை இடம்விடுவது. இரண்டையும் ஒன்றிடமே எதிர்பார்த்திருந்தோம்.

அன்று மாலை, கம்பிகள் இருந்த நிலையைச் சாரின் நோட்டில் வரைந்து தேதியிட்டோம். பிறகு பதினேழையும் ஒவ்வொன்றாக எடுத்தோம். கடைசிக் கம்பியை அவர் மகள் எடுத்தாள். ஞாயிறுகளில் இப்போதும் நால்வர் கூடுகிறோம். சுருதி நழுவும்போது அவள்தான் முதலில் கண்டுபிடிக்கிறாள்.