எக்ஸ் ஒன்று குறைந்தால்...

தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் இருக்கும் ஏரியூர் மாதிரி ஒரு ஊரில், பதினைந்து வயதாகியும் ஒரு பெண் வயதுக்கு வரவில்லை என்றால் என்ன நடக்கும்? முதலில் கோயிலுக்கு வேண்டுதல். அப்புறம் "சொந்தத்துல கட்டினா இப்படித்தான்" என்று ஒரு பேச்சு. கடைசியில் பழி அம்மா தலையில். டாக்டரிடம் போவது அதற்கும் பிறகுதான்.

அந்தப் பெண் வயதுக்கேற்ற உயரமும் இல்லாமல் இருந்தால், காரணம் டர்னர் சின்ட்ரோமாக இருக்கலாம். 1938இல் ஹென்றி டர்னர் என்ற அமெரிக்க டாக்டர் இதை விவரித்தார். காரணம் தெரிந்தது 1959இல். பெண்களுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம் உண்டு. இவர்களுக்கு ஒன்று முழுசாகவோ பாதியாகவோ இருக்காது. சுமார் 2,000 முதல் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இப்படி நேர்கிறது. சொந்தத்தில் கல்யாணம் செய்வதால் இது வருவதில்லை. செல் பிரியும்போது நடக்கும் தற்செயல் தவறு, அவ்வளவுதான். ஒரே ஒரு எக்ஸ் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு, இருக்கிற அந்த ஒன்று அம்மா கொடுத்தது. ஆக, அம்மாவைத் திட்டுவதில் நியாயமே இல்லை!

உயரமும் மாதவிடாயும் மட்டும்தான் பிரச்சினை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நோய் எதிர்ப்புச் சக்திக்கான ஜீன்கள் நிறைய எக்ஸில்தான் இருக்கின்றன. அதனால்தானோ என்னவோ, இவர்களுக்கு உடம்பே உடம்பைத் தாக்கி அழற்சி உண்டாக்கும் நோய்கள் அதிகம். முக்கியமாகத் தைராய்டு. அடுத்து, கோதுமையில் இருக்கும் குளூட்டன் ஒத்துக்கொள்ளாமல் குடல் புண்ணாகும் சீலியாக் நோய்.

ஆனால் டர்னர் உள்ள எல்லோருக்கும் இவை வருவதில்லை. ஏன்? மற்ற குரோமோசோம்களில் இருக்கும் ஜீன்களும் ஆளுக்கு ஆள் மாறுவது ஒரு காரணம். பிடிபிஎன்22 என்ற ஜீன், டி செல்களுக்கு பிரேக் மாதிரி. அதில் ஒரு எழுத்து மாறியிருக்கும் டர்னர் பெண்களுக்கு இந்த வகை நோய்கள் கூடுதல் என்று 2010இல் பிரேசில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த மாற்றம் ஐரோப்பியர்களிடம் சகஜம், இந்தியர்களிடம் அபூர்வம். அங்கே செய்த கணக்கை அப்படியே இங்கே போட முடியாது.

நம் பக்கத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. சீலியாக் வர எச்.எல்.ஏ. டிகியூ2 அல்லது டிகியூ8 என்ற ஜீன் வகை வேண்டும். 2016இல் வெளியான ஓர் ஆய்வில் வட இந்தியா, வடகிழக்கு, வேலூர் மூன்று இடங்களிலும் சேர்த்து 23,000க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்தார்கள். அந்த ஜீன் வடக்கே 38 சதவீதம் பேருக்கு, தெற்கே 36 சதவீதம் பேருக்கு. கிட்டத்தட்ட சமம். நோயைக் காட்டும் ஆன்டிபாடியோ வடக்கே 100 பேரில் ஒருவருக்கு மேல், தெற்கே 1,000 பேரில் ஒருவருக்குத்தான்! வடக்கே ஒருவர் தினம் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கே 25 கிராம்.

ஜீன் என்பது காய்ந்த விறகு மாதிரி. தீ வைக்க வேறு ஒன்று வேண்டும். தர்மபுரிப் பக்கத்துக் கேழ்வரகுக் களியிலும் சாமைச் சோற்றிலும் குளூட்டன் கிடையாது. ஆனால் இன்று பரோட்டாவும் பிஸ்கட்டும் போகாத ஊர் எது?

தைராய்டு விஷயத்தில் களி காப்பாற்றாது. டர்னர் என்று தெரிந்துவிட்டால் வருஷத்துக்கு ஒரு தடவை தைராய்டு ரத்தப் பரிசோதனை அவசியம். குறைந்தால் தினம் ஒரு மாத்திரை. வளர்ச்சி ஹார்மோன் ஊசியும் சின்ன வயதிலேயே ஆரம்பித்தால்தான் உயரம் கூடும்; பதினாறு வயதுக்கு மேல் பெரும்பாலும் பலனில்லை.

அதனால், வகுப்பில் எப்போதும் முதல் வரிசையில் நிற்கும், வருஷா வருஷம் அதே பாவாடை சரியாக இருக்கும் சின்னப் பெண்ணைப் பார்த்தால் கிண்டல் செய்ய வேண்டாம். ஒரு தடவை குரோமோசோம் பரிசோதனை செய்யலாமா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். வேண்டுதலைப் பிறகு நிறைவேற்றிக்கொள்ளலாம்.