எண் ஒன்று, மண் வேறு

ஜூலை 30, புதன்

கோத்தகிரியிலிருந்து அண்ணி கொடுத்தனுப்பிய மண் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. தேயிலைத் தோட்டத்து மேல் மண் ஒரு பை, கருப்பாகப் பொலபொலவென்று. ஒன்றரை அடிக்குக் கீழே தோண்டிய மஞ்சள் மண் இன்னொரு பை. "ரெண்டும் ஒரே குழிதானே, எதுக்கு ரெண்டு பை?" என்று போனில் கேட்டார். முளைத்து வரட்டும், சொல்கிறேன் என்றேன்.

சாயங்காலம் பள்ளி ஆய்வகத்தில் மீட்டரைத் திருத்தி வைத்தேன். 4.00, 6.86, 9.18 என்று மூன்று பஃபர் பொட்டலங்கள். இவற்றில் முக்கி எடுத்துச் சரிசெய்யாத மீட்டர் என்ன எண் காட்டினாலும் அது ஜோசியம்தான். மண்ணில் நேரே குத்திப் பார்க்கும் இரட்டைக் கம்பி மீட்டரை நான் நம்புவதே இல்லை. மண்ணை நிழலில் உலர்த்திச் சலித்து, ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு பேட்டரி தண்ணீர் ஊற்றி, அவ்வப்போது கலக்கி, அரை மணி கழித்துப் பார்த்தோம். பள்ளித் தோட்டத்துச் செம்மண் 6.7. கோத்தகிரி மேல் மண் 4.7, கீழ் மண் 4.5.

"ரெண்டுதானே மிஸ் வித்தியாசம்?" என்றான் பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். ரெண்டு இல்லை, நூறு மடங்கு. பி.எச். அளவில் ஒரு படி இறங்கினால் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்கு கூடும். 1909-இல் இந்த அளவுகோலைக் கொண்டுவந்த சோரன்சன், கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர் என்றதும் கடைசி பெஞ்சுக்கு வேதியியலில் திடீர் அக்கறை வந்துவிட்டது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஊரே படித்துறைக்குப் போக, நான் மணிகண்டம் பக்கம் சித்தப்பா வயலுக்குச் சாக்குடன் போனேன். "எல்லாரும் இன்னிக்கு விதை போடுவாங்க. நீ மண்ணை அள்ளிட்டுப் போறியே பாப்பா" என்றார். மேட்டில் வெள்ளையாகப் பூத்திருந்தது. பள்ளத்தில் தண்ணீர் வற்றிய இடங்களில் எண்ணெய் தடவியதுபோலக் கருப்புப் படலம். அந்தக் கருப்பு மண்ணின் மட்கு. காரம் ஏறிய நீர் மட்கைக் கரைத்து மேலே கொண்டுவந்து போட்டுவிடும். காய்ந்த இடத்தில் மண்வெட்டி இறங்கவில்லை. ஈரமான இடத்தில் கால் வழுக்கியது.

மீட்டர் 9.4 காட்டியது.

வீட்டுக்கு வந்து இரண்டு கண்ணாடி டம்ளரில் பேட்டரி தண்ணீர் ஊற்றி, ஒன்றில் பள்ளிச் செம்மண் கட்டி, இன்னொன்றில் சித்தப்பா வயலின் களர் மண் கட்டி, சுண்டைக்காய் அளவு போட்டு அசைக்காமல் வைத்தேன். செம்மண் கட்டி உடைந்து சரிந்தது, தண்ணீர் தெளிவாகவே நின்றது. களர் கட்டியைச் சுற்றி முதலில் ஒரு மங்கல் வளையம். அது மெல்லக் கீழே படர்ந்து, ராத்திரி படுக்கப் போகும்போது டம்ளர் முழுக்கக் கலங்கல். காலையிலும் அது தெளியவில்லை. மீட்டர் வாங்கக் காசில்லாதவர்களுக்கு இந்த டம்ளர் போதும். சொல்லப்போனால் மீட்டர் சொல்லாத ஒன்றையும் இது சொல்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

விதைத்தாயிற்று. எல்லா மண்ணிலும் நிலக்கடலையும் பாசிப்பயறும். செம்மண்ணில் ஒரு பகுதியைப் பிரித்துச் சுண்ணாம்பேற்றி 8-க்கு மேல் கொண்டுபோக வேண்டியிருந்தது. பிள்ளைகள் உடைந்த சாக்பீஸ்களை டப்பா டப்பாவாகக் கொண்டுவந்துவிட்டார்கள். நம் வகுப்பறை சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம், சுண்ணாம்பே இல்லை. ஒரு தொட்டியில் போட்டுப் பாருங்கள் என்று விட்டுவிட்டேன், அதுவும் பின்னால் உதவும். கோழித் தீவனக் கடையில் சுண்ணாம்புக்கல் மாவு கிடைக்கிறது. முட்டை ஓடு கெட்டிப்பட முட்டைக் கோழிக்குக் கொடுப்பது. அதைக் கலந்த தொட்டி 8.1-இல் நின்றது. எவ்வளவு அள்ளிப் போட்டாலும் எட்டரையைத் தாண்டாது. கால்சியம் கார்பனேட் கரைவது அவ்வளவுதான். எட்டரைக்கு மேல் போன மண்ணில் சோடியம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

எந்தத் தண்ணீர் ஊற்றுவது என்பதில் கொஞ்சம் சண்டை. எங்கள் போர் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம். அதை ஊற்றிக்கொண்டே போனால் அமில மண் மெதுவாகக் காரத்துக்கு நகரும், அப்புறம் எதைச் சோதிக்கிறோம் என்றே தெரியாது. தலைமையாசிரியர் அறை ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்குக் குடம் வைத்தோம். மழை வந்தால் மழைநீர்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

செம்மண்ணில் எல்லாம் முளைத்துவிட்டன. களர்த் தொட்டியில் பாசிப்பயறு ஒன்றுகூட வெளியே வரவில்லை. கிளறிப் பார்த்தால் முளை விட்டிருக்கிறது. மேலே இறுகிய பொருக்கை முட்டி, வளைந்து, அங்கேயே அழுகியிருக்கிறது. கடலையில் ஒன்றிரண்டு மட்டும் பொருக்கைப் பெயர்த்துக்கொண்டு எட்டிப் பார்த்தன.

விதையைக் கொன்றது 9.4 என்ற எண்ணா? பிள்ளைகள் ஆமாம் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. களிமண் துகளைச் சுற்றிச் சோடியம் ஒட்டியிருக்கிறது. தண்ணீர் பட்டதும் துகள்கள் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன. டம்ளரில் கண்ட கலங்கல் அதுதான். விலகிய பொடித்துகள் மண்ணின் கண்களை அடைக்கிறது. தண்ணீர் இறங்காது, காற்று போகாது, காய்ந்தால் கல். விதை மூச்சு முட்டிச் செத்திருக்கிறது. எண் உயர்ந்ததற்கும் அதே சோடியம்தான், கார்பனேட்டோடு சேர்ந்து, காரணம்.

ஜிப்சம் கலந்த களர்த் தொட்டியில் வேறு கதை. கலந்து, ஏ.சி. தண்ணீரை நிறுத்தி நிறுத்தி வடித்த பிறகுதான் விதை போட்டோம். முதல் நாள் தண்ணீர் மேலேயே குளமாக நின்றது. மெதுவாகத் தொட்டியின் அடி ஓட்டை கசியத் தொடங்கி, பிறகு தெளிவாகவே சொட்டியது. மண்ணை அளந்தால் 8.7. ஜிப்சம் அமிலம் கிடையாது. சாக்பீஸ் போட்ட செம்மண் தொட்டியில் பி.எச். ஏறக்குறைய நகரவே இல்லை என்பதைப் பிள்ளைகளே அளந்து பார்த்தார்கள். களரில் மட்டும் ஏன் இறங்கியது? ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தது, கார்பனேட்டைப் பிடித்துச் சுண்ணாம்பாகப் படியவைத்தது. விரட்டப்பட்ட சோடியம் சல்பேட்டாகத் தண்ணீரோடு ஓட்டை வழியே போனது. ஓட்டையை அடைத்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சுண்ணாம்பேற்றிய செம்மண்ணில் கடலை மஞ்சளாகிறது. அடி இலைகள் பச்சையாகவே இருக்கின்றன. நுனியில் புதிதாக விரிந்தவைதான் வெளுத்திருக்கின்றன, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக. இரும்புக் குறை. தழைச்சத்துக் குறையானால் முதலில் பழுப்பது கிழட்டு இலை, ஏனென்றால் செடி அங்கிருந்து எடுத்துக் குருத்துக்கு அனுப்பிவிடும். இரும்பு அப்படி இடம் மாறாது. பழைய இலையில் இருப்பது அங்கேயே கிடக்கும், குருத்து பட்டினி கிடக்கும்.

இதில் வேடிக்கை, செம்மண் சிவப்பாக இருப்பதே இரும்பால்தான். நிறையக் கிடக்கிறது, பூட்டிய குதிருக்குள் நெல் கிடக்கிற மாதிரி. பி.எச். ஒரு படி ஏறினால் கரைந்து நிற்கும் இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். கடலை தன் வேரிலிருந்து அமிலம் கசியவிட்டு இரும்பை இளக்கத்தான் பார்க்கிறது. சுண்ணாம்பும் பைகார்பனேட்டும் அந்த அமிலத்தை வந்த வேகத்தில் விழுங்கிவிடுகின்றன.

அன்னபேதியை, அதாவது இரும்பு சல்பேட்டை, நூற்றுக்கு அரைப் பங்காகக் கரைத்து, ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பு போட்டு, வெளுத்த இலையின் ஒரு பாதியில் மட்டும் தூரிகையால் தடவச் சொல்லியிருக்கிறேன்.

யூடியூப் பார்த்து வந்த ஒரு பெண், வினிகர் ஊற்றினால் பி.எச். இறங்கும் என்றாள். ஊற்றினாள். நுரைத்தது, 7-க்குக் கீழே வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். அடுத்த முறை அளந்தபோது பழையபடி 8.1. தொட்டியில் இருக்கும் சுண்ணாம்பு மொத்தமும் தீராமல் எண் இறங்கி நிற்காது. பத்து சென்ட் நிலத்துக்கு எத்தனை லாரி வினிகர் வேண்டும் என்று கணக்குப் போட்டுவரச் சொல்லி அனுப்பினேன். கந்தகம் போடலாம். அதை மண்ணிலுள்ள பாக்டீரியா தின்று அமிலமாக்க மாதக்கணக்கில் பிடிக்கும், சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணில் அதுவும் கட்டுப்படியாகாது.

செப்டம்பர் 2, செவ்வாய்

தடவிய பாதி பச்சை, தடவாத பாதி மஞ்சள், நடுநரம்பு எல்லைக்கோடு. தூரிகை பட்ட இடம் திட்டுத்திட்டாகத் தெரிகிறது. ஒரு பாடம் முழுக்கப் பேசினாலும் புரியாதது அந்த ஒரு இலையில் இருந்தது. ஆனால் நாளைக்கு விரியப் போகும் இலை மறுபடி மஞ்சளாகத்தான் வரும்.

கோத்தகிரித் தொட்டிகளைக் கவிழ்த்து வேரைக் கழுவினோம். மேல் மண்ணில் பாசிப்பயறு கொஞ்சம் குட்டை, அவ்வளவுதான். மஞ்சள் அடிமண்ணில் வேர் இரண்டு அங்குலத்தோடு நின்றுவிட்டது. நுனி தடித்து, பழுப்பேறி, சல்லிவேரே இல்லாமல். வேர் முடிச்சும் இல்லை. செம்மண் செடியில் முடிச்சைக் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. இரண்டு பைக்கும் எண் கிட்டத்தட்ட ஒன்று, 4.7, 4.5. வளர்ச்சியில் இவ்வளவு வித்தியாசம். அண்ணிக்குப் போன் போட்டுச் சொல்ல இப்போது விஷயம் இருக்கிறது: ஐந்தரைக்குக் கீழே களிமண்ணிலிருந்து அலுமினியம் கரையத் தொடங்கும், வேர்நுனியைத் தாக்குவது அதுதான். மேல் மண்ணில் மட்கு அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அடிமண்ணில் பிடிக்க ஆளில்லை. தேயிலைக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை, அலுமினியத்தை உறிஞ்சி முற்றிய இலைகளில் சேர்த்து வைக்கிற செடி அது. அவர் வீட்டு வாசலில் ஹைட்ராஞ்சியா நீலமாகப் பூப்பதும் அதே அலுமினியத்தால். சுண்ணாம்பு போட்டால் ரோஸ் ஆகிவிடும் என்றேன். "வேண்டாம், நீலமே இருக்கட்டும்" என்றார்.

இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் பண்ணையில் லாஸும் கில்பர்ட்டும் 1856-இல் ஒரு புல்வெளியைப் பாத்தி பிரித்துத் தொடங்கிய சோதனை இன்னும் நடக்கிறது. ஆண்டுதோறும் அமோனியம் சல்பேட் போட்டுச் சுண்ணாம்பு போடாமல் விட்ட பாத்திகள் நான்குக்கும் கீழே அமிலமாகிவிட்டன. முப்பதுக்கு மேற்பட்ட செடி வகைகள் இருந்த வெளியில் அங்கே மட்டும் ஓரிரு புல் வகைதான் மிச்சம். உரம் போட்டுக்கொண்டே மண்ணைப் புளிக்க வைக்கலாம் என்பதற்கு அதைவிடப் பொறுமையான சாட்சி கிடையாது. தேயிலைக்காரர்கள் யூரியாவும் அமோனியம் சல்பேட்டும் போடுகிறவர்கள், அதனால்தான் சில ஆண்டுக்கு ஒருமுறை டோலமைட்டும் தூவுகிறார்கள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

சுண்ணாம்புத் தொட்டிகளில் ஒன்றில் கடலைக்குப் பக்கத்தில் மக்காச்சோளம் ஊன்றச் சொல்லியிருந்தேன். சீனாவில் சுண்ணாம்பு மண்ணில் தனிக்கடலை வெளுக்கிற வயல்களில், சோளத்துக்கு நடுவே போட்ட கடலை பச்சையாக இருப்பதைப் பார்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். புல்லினப் பயிர்கள் அமிலத்தை நம்புவதில்லை. இரும்பைக் கவ்வி எடுத்துவரும் ஒரு பொருளையே வேரில் சுரக்கின்றன. பி.எச். எட்டானாலும் அது வேலை செய்யும், பக்கத்துக் கடலைக்கும் கொஞ்சம் கிடைக்கும். எங்கள் தொட்டியிலும் சோளத்தை ஒட்டிய கடலை தனிக்கடலையைவிடப் பச்சை. ஒரு தொட்டியை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மண்ணின் பி.எச். அப்படியே 8.1. எண் மாறாமலே செடி பிழைக்க வழி இருக்கிறது என்பது எனக்குப் போதும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சித்தப்பா தொட்டிகளைப் பார்க்க வந்திருந்தார். கடலையைச் சட்டை செய்யவில்லை. ஜிப்சம் தொட்டிக்கு முன்னால் குந்தி, தண்ணீர் ஊற்றச் சொல்லி, அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மண்வள அட்டையை நீட்டினார். பி.எச். எதிரே எண்ணும் 'காரம்' என்ற சொல்லும் இருந்தன. 8.1-ஐயும் காரம் என்றுதான் சொல்வோம், 9.4-ஐயும் காரம் என்றுதான். முன்னதற்கு ஜிப்சம் கொட்டினால் காசு தண்டம். பின்னதற்கு அன்னபேதி மட்டும் தெளித்துக்கொண்டிருந்தால் நிலம் அப்படியே கிடக்கும்.

சம்பாவுக்கு முன்னால் ஜிப்சம் போட்டுத் தண்ணீர் கட்டி வடித்து, தக்கைப்பூண்டு மடக்கி உழுது, திருச்சி வேளாண் கல்லூரியில் களருக்கென்றே கண்ட திருச்சி 1 நெல்லை நடலாம் என்று யோசனை சொன்னேன். தக்கைப்பூண்டுக்கு இந்த வருஷம் நாள் போதாது என்று உடனே அடித்துவிட்டார். சரிதான்.

"ஜிப்சம் வாங்கிடலாம் பாப்பா. உன் தொட்டிக்கு அடியில ஓட்டை இருக்கு. என் வயலுக்கு எங்க இருக்கு?"

வடிகால் தூர்ந்து பல வருஷமாகிறது. அதன் கீழ்க்கோடியை மறித்துப் பக்கத்து வயல்காரர் வரப்பு போட்டிருக்கிறார். வடிகிற சோடியம் முழுக்க அவர் நிலத்துக்குத்தான் போகும். அவரும் அதைத் தெரிந்துதான் மறித்திருப்பார் போல. வாய்க்கால் வரைக்கும் தனியாக ஒரு கால் வெட்ட எவ்வளவு நீளம் வரும் என்று அடுத்த ஞாயிறு டேப் பிடிக்கப் போகிறோம்.