சட்டாம்பிள்ளை வேண்டாம்!

எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஆசானானான். அவன் வழியே இங்கிலாந்துப் பள்ளிகள் பாடம் கற்றன என்றால் நம்புவீர்களா, தோழர்களே? கட்டுக்கதை அன்று, நம் சென்னையில் நடந்தது!

படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கென எழும்பூரில் ஓர் இல்லம் இருந்தது. 1789-இல் அதன் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் எனும் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதனைத் தம் இல்லத்திலும் புகுத்த விழைந்தார். ‘இயலாது’ என்றனர் ஆசிரியர்கள். எட்டு வயது மாணவனை அழைத்து, ‘இளையோருக்கு நீ சொல்லிக்கொடு’ என்றார். அவன் செய்து காட்டினான்! 1797-இல் பெல் இதனை இலண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு அது பரவிற்று.

பெருமைப்படலாம். ஆனால், நம் திண்ணைப் பள்ளியிலே சட்டாம்பிள்ளை கையில் பிரம்பும் இருந்ததே! அந்தத் திண்ணையில் ஏறவே முடியாத பிள்ளைகள் எத்தனை பேர்! ஒருவன் சொல்ல மற்றவர் பணிவது உதவியாகுமா? ஒருவரையொருவர் கேள்வி கேட்பதன்றோ உதவி!

திருவண்ணாமலையில் மாலை நேரங்களில் இதைக் கண்ணால் காண்கிறேன். நான் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் எனக்குத் தூரத்து உறவு. அறையைத் திறந்துவைப்பதே என் பணி. கணக்குப் போடுவோர் மாணவர்கள்.

மலையுச்சித் தீபம் எவ்வளவு தொலைவுவரை தெரியும்? அவர்களே புனைந்த கணக்கு இது. ஊரின் மட்டத்திலேயே சமவெளி விரிந்து கிடப்பதாகக் கொண்டனர். புவியின் வளைவு எங்கே மறைக்கிறதோ அங்கே எல்லை. உச்சியிலிருந்து தரையைத் தொட்டுச் செல்லும் கோடு, புவியின் ஆரத்துக்குச் செங்குத்து. பிதாகரஸ் தேற்றம் போதும். ஆரத்தை இருமடங்காக்கி, உயரத்தால் பெருக்கி, வர்க்கமூலம் கண்டால் விடை ஏறத்தாழக் கிடைக்கும். ஆரம் 6,400 கிலோமீட்டர், மலை 800 மீட்டர், விடை 101 கிலோமீட்டர் என்று எழுதினான் வகுப்பின் முதல் மாணவன். அனைவரும் ஏட்டில் இறக்கினர்.

கல்லுடைக்கும் தொழிலாளியின் மகள் ஒருத்தி, வகுப்பில் வாய் திறந்தறியாதவள், கேட்டாள்: ‘800 மீட்டர் கடல்மட்டத்திலிருந்து அளந்ததாயிற்றே! பார்ப்பவர் நிற்பது கடற்கரையிலா, நம் ஊர்ச் சமவெளியிலா?’

சமவெளியே ஏறத்தாழ 200 மீட்டர் உயரம். அதைக் கழித்தால் மலை 600 மீட்டர். விடை 88 கிலோமீட்டர்! முதல் மாணவன் தன் விடையை அழித்தான்; சுண்ணக்கட்டியை அவளிடம் நீட்டினான்.

குறைந்தது பதின்மூன்று கிலோமீட்டர் மட்டுமா? ‘அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்’ என்ற அடிமைப் புத்தியும் அன்றோ குறைந்தது! சொன்னவர் யாரெனப் பாராமல் சொன்னதை ஆராயச் சொன்ன வள்ளுவரின் வழி, அன்று கரும்பலகையில் நடந்தது.

ஏழைகளுக்கான மாற்று ஏற்பாடு இது என்று எவரும் எள்ளற்க. ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர், 1991 முதல் தம் வகுப்பில் மாணவர்களைத் தனித்தனியே விடை காணச் செய்து, பிறகு அருகிலிருப்போருடன் வாதிடச் செய்தார். இப்போதுதான் புரிந்துகொண்டவனுக்கு, மற்றவன் இடறும் கல் எதுவெனத் தெரியும். நெடுநாள் கற்றவருக்கோ அது மறந்திருக்கும்.

2020-இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தந்து தமிழ்நாடு சட்டம் செய்தது. கதவு திறந்தது, வாயிற்படியிலோ நீட் தேர்வின் இயற்பியல் வினாக்கள் நிற்கின்றன. பொருளுள்ளோர் பயிற்சி நிலையம் தேடுவர். இல்லாதோருக்குத் தோழர்களே பயிற்சி நிலையம்.

பட்டம் பெற்ற இளைஞர்களே! இயற்பியல் தெரியாவிட்டால் என்ன? ஓர் அறை, ஒரு விளக்கு, ஒரு கரும்பலகை தேடிக் கொடுங்கள். ஒரே ஒரு விதி வையுங்கள்: இன்று விளக்கியவர் நாளை கேட்பவராகட்டும்; கடைசி வரிசையின் கேள்வி முடியாமல் கணக்கு முடியாதிருக்கட்டும்!