வச்சிரம்

வயலினைத் தமிழிசை தனதாக்கிக்கொண்ட வரலாற்றில் நெல்லைச் சீமைக்கும் பங்குண்டு. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியும் 1786-இல் பிறந்தவருமான பாலுசுவாமி தீட்சிதர், சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் இக்கருவியைக் கற்று, பின்னர் எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாக விளங்கினார். எட்டயபுரம் 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. நாம் தரையில் அமர்ந்து வாசித்தோம். ச-ப-ச-ப என்று தந்திகளைக் கூட்டிக்கொண்டோம். ஆனால் வாசிப்பு வேரூன்றிய அளவுக்குப் பழுதுபார்க்கும் கலை வேரூன்றவில்லை.

எங்கள் வீட்டு வயலினின் மேற்பலகை ஓரத்தில் விட்டுப்போனபோதுதான் இக்குறை முழுதாக விளங்கிற்று. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மரம் உப்பும். சித்திரை வெயிலில் சுருங்கும். நகரத்துக் கடை ஒன்றில் வெள்ளைப் பசை தடவி ஒரு மணி நேரத்தில் ஒட்டித் தந்தார்கள். அடுத்த கோடையில் அந்த ஒட்டு அசையவில்லை; பலகைதான் இழையோடு பிளந்தது.

காரணம் எளியது. பழைய தச்சர்கள் வச்சிரம் என்னும் பசையைக் காய்ச்சுவார்கள். விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது அது. ஐரோப்பிய வயலின் கைவினைஞர்களும் நூற்றாண்டுகளாக இத்தகைய பசையையே நம்பியிருக்கிறார்கள். நன்றாகப் பிடிக்கும்; ஆயினும் வெப்பமும் ஈரமும் பட்டால் இளகும். மரம் இழுக்கும்போது, பலகை பிளப்பதற்கு முன் ஒட்டு விட்டுக்கொடுக்கும். பெயர் வச்சிரம்; பெருமையோ விட்டுக்கொடுப்பதில்.

பலரிடம் விசாரித்தபின், தாமிரபரணிக் கரையூர் ஒன்றில் தச்சுக் குடும்பத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவரைக் கண்டோம். அவர் முதலில் விலை சொல்லவில்லை. எந்தச் சுருதியில் வாசிப்பீர்கள் என்று கேட்டார். சிறு கண்ணாடியைக் காட்டி, உள்ளே பசையின்றி, தந்திகளின் அழுத்தத்தால் மட்டும் நிற்கும் சிறு தூணைப் பார்த்தார். பிரெஞ்சுக்காரர்கள் அத்தூணை ஆன்மா என்றே அழைக்கிறார்கள். அது சற்று நகர்ந்தாலும் நாதம் மாறிவிடும். பிறகு, தம்மால் இயலாததைச் சொன்னார்: பிளவைச் சேர்க்கலாம், தழும்பை மறைக்க முடியாது. பழைய வெள்ளைப் பசையைச் சுரண்டி எடுக்கவே நாள் பிடிக்கும். அது ஒட்டிய இடத்தில் வச்சிரம் பிடிக்காது.

மறுபடி விட்டுவிடாதா என்று கேட்டோம்.

"விடணும் ஐயா. ஒட்டு விட்டாத்தான் பலகை பொழைக்கும்" என்றார்.

நம்பத்தக்க கைவினைஞரை அடையாளம் காண இதைவிடச் சிறந்த உரைகல்லை நாங்கள் அறியோம். என்ன பசை, பின்னர் பிரிக்க முடியுமா, எதைச் செய்ய மாட்டீர்கள் என்று கேளுங்கள். தமக்குப்பின் இன்னொருவர் இக்கருவியைத் திறப்பார் என்று எண்ணி வேலை செய்பவரே நம்பத்தக்கவர்.

தழும்போடு வயலின் வீடு திரும்பியிருக்கிறது. வரும் ஐப்பசியில் ஒட்டு மறுபடியும் விடலாம். விட்டால், மறுபடியும் ஒட்டிக்கொள்ளலாம்.