மூன்று லிபியில் ஒரு நேரம்

மிளகு, சுக்கு, ஏலக்காய் வாசனையையும் காஷ்மீர் சால்வை விற்பவர்களின் அழைப்பையும் தாண்டி நடந்தால், மட்டாஞ்சேரியின் ஜூ டவுன் தெரு ஒரு மணிக்கூண்டில் போய் முட்டி நிற்கிறது. வெள்ளைச் சுவர், ஓட்டுக் கூரை, சுமார் 45 அடி உயரம். கொச்சிக்கு வருகிறவர்கள் அதன் முன்னால் படம் எடுத்துக்கொண்டு, பக்கத்திலிருக்கும் யூத ஆலயத்துக்குள் நுழைந்துவிடுகிறார்கள். நின்று அண்ணாந்து பார்ப்பவர்களுக்குத்தான் அந்த விசித்திரம் தெரியும். ஒரு முகத்தில் எண்கள் ஹீப்ருவில், இன்னொன்றில் ரோமனில், மற்றொன்றில் மலையாளத்தில்.

ஆலயம் 1568இல் கட்டப்பட்டது. மணிக்கூண்டு 1760இல் வந்தது. கட்டியவர் எசக்கியேல் ரஹாபி. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மிளகு வாங்கித் தந்த பெரிய வியாபாரி, கொச்சி அரசவைக்கும் வேண்டியவர். ஆலயத்தின் தரையில் பதித்திருக்கும் நீல நிறச் சீன ஓடுகளும் இவர் வரவழைத்தவைதான். கையால் தீட்டிய அந்த ஓடுகளில் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. கடிகாரத்திலும் மனிதர் அதே ரசனையைக் காட்டியிருக்கிறார்.

ஹீப்ருவில் எண்ணுக்கென்று தனிக் குறி கிடையாது. எழுத்துதான் எண். பதினொன்று என்றால் பத்துக்குரிய எழுத்தையும் ஒன்றுக்குரிய எழுத்தையும் அடுத்தடுத்துப் போடுவார்கள். நம் பழைய தமிழ்க் கணக்கும் ஏறக்குறைய இதுதான்: ௰ பக்கத்தில் ௧. மலையாள முகத்தைப் பார்க்கும் தமிழருக்கு இன்னொரு சிறு அதிர்ச்சியும் காத்திருக்கிறது. அதில் வரும் இரண்டும் மூன்றும், தாத்தா காலத்துப் புத்தகங்களில் பார்த்த ௨, ௩ ஆகியவற்றின் உடன்பிறப்புகள்.

இப்படி ஒரே ஒரு கடிகாரத்தை, தன் விருப்பப்படி, ஊரில் இல்லாத மாதிரியில் செய்து வைப்பது இன்று உலகெங்கும் பணக்காரர்களின் பித்து. பெரிய கம்பெனிகளின் பெயர் அலுத்துப்போனவர்கள் தனிக் கைவினைஞர்களைத் தேடிப் போகிறார்கள். ஸ்வென்ட் ஆண்டர்சன், வின்சென்ட் கலாப்ரேசே என்ற இருவர் 1985இல் இத்தகைய கைவினைஞர்களுக்கென ஒரு சங்கமே தொடங்கினார்கள். சுவிட்சர்லாந்தின் ஃபிலிப் டுஃபூர் செய்த 'சிம்ப்ளிசிட்டி' கடிகாரங்கள் மொத்தமே இருநூற்றுச் சொச்சம்தான். ஏலத்தில் அவற்றின் விலை கோடிகளைத் தொடுகிறது. நம் நாட்டிலும் 2013இல் தொடங்கிய ஜெய்ப்பூர் வாட்ச் கம்பெனி பழைய நாணயத்தையே முகப்பாக வைத்துக் கைக்கடிகாரம் செய்கிறது. அவ்வளவு வசதி இல்லாதவர்கள், 2016இல் மூடப்பட்ட எச்.எம்.டி.யின் தேவநாகரி எண் போட்ட 'ஜனதா'வைத் தேடி அலைகிறார்கள். அன்று சாதாரண குமாஸ்தா கட்டிய வாட்ச் அது.

நேரம் பார்க்க யாரும் இவற்றை வாங்குவதில்லை. அடுத்தவனிடம் இல்லாதது தன்னிடம் இருக்க வேண்டும் என்பதே கவர்ச்சி. ரஹாபிக்கும் அந்தப் பெருமை இல்லாமல் இருந்திருக்காது. ஆனால் அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளவில்லை. ராஜாவின் குடிகளுக்கு ஒரு முகம், ஐரோப்பிய வியாபாரிகளுக்கு ஒரு முகம், தன் ஆட்களுக்கு ஒரு முகம் என்று தெருவைப் பார்க்க வைத்தார்.

தன் ஆட்கள் இப்போது இல்லை என்பதுதான் சங்கடம். இவர்களைப் 'பரதேசி' யூதர்கள் என்கிறார்கள். நாம் திட்டும் அர்த்தத்தில் அல்ல, வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் என்ற அர்த்தத்தில். 1948இல் இஸ்ரேல் பிறந்த பிறகு கொச்சி யூதர்கள் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிப் போனார்கள். முழுமையான கூட்டுப் பிரார்த்தனைக்கு வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். அந்தப் பத்தை உள்ளூரில் திரட்ட முடியாமல் பல காலம் ஆகிவிட்டது. அவர்கள் வாழ்ந்த வீடுகளில் பல இன்று பழம்பொருள் கடைகள். பித்தளை விளக்கு, மரப்பெட்டி, கப்பல் திசைகாட்டி என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். எது உண்மையில் பழசு, எது போன மாதம் பழசாக்கப்பட்டது என்று கண்டுபிடிப்பது வாங்குகிறவர் பாடு.

பல பத்தாண்டுகள் நின்று கிடந்த மணிக்கூண்டை, உலக நினைவுச்சின்ன நிதியம் 1998-99இல் பழுதுபார்த்துக் கொடுத்தது. ஹீப்ரு முகத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் இன்று பெரும்பாலும் இஸ்ரேலிலிருந்து வரும் பயணிகள். மலையாள எண்களை மலையாளப் பிள்ளைகளே படிப்பதில்லை. நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எண்கள் தெரியாததுபோலத்தான். மணி பார்க்க வேண்டுமென்றால் தெருவில் இருக்கும் எல்லோரும் நிமிர்வது, அந்நியருக்காக வைத்த ரோமன் முகத்தை நோக்கித்தான்.